சீனத்து மலைக்கோயிலில் பூசிய சாம்பல்

முழங்கால் வலி, மலை ஏற முடியாது என்று ஐந்து வருஷமாகப் பெண்டாட்டியிடம் சாதித்து வந்தவன், ஒரு மலை உச்சியில் நின்று பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிற போட்டோவை அவளுக்கே அனுப்புவானா? நான் அனுப்பினேன். தனியாக அனுப்பியிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குடும்ப குரூப்பில் போட்டேன். கீழே ஒரு வரி வேறு: ‘ஆயிரத்து இருநூறு படி. ஒரே மூச்சு.’

ஒரே மூச்சு என்பது பொய். உட்கார்ந்த இடங்களை எண்ணியிருந்தால் அதுவே ஒரு நூறு தேறும். ஆனால் ஏறினது நிஜம். அதுதான் சிக்கல்.

போட்டோவில் இருந்த மலை சீனாவில் இருந்தது. நான் ஏற வேண்டிய மலை சிவகாசியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது.

நான் சிவகாசியில் காலண்டர் போடுகிறவன். சீசன் இல்லாத மாதங்களில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிளும் அடித்துக் கொடுப்போம். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு லேபிள் லோடு இறக்கப் போயிருந்தேன். இறக்கி முடித்துவிட்டு, புரோட்டா தின்றுவிட்டு, வேனை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தித் தூங்கிப்போனேன். போனில் சார்ஜ் இல்லை. அந்த நேரத்தில்தான் அந்தத் திசையில் வேறொரு ஆலையில் வெடித்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. ஊருக்கே தெரிந்திருந்தது. என் பெண்டாட்டிக்கும் தெரிந்திருந்தது, நான் அந்தப் பக்கம் போயிருக்கிறேன் என்பதும் தெரிந்திருந்தது. மூன்று மணி நேரம் அவள் என் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள், யாருடைய துணியை விலக்கிப் பார்த்தாள் என்பதை இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த மூன்று மணி நேரத்துக்குள் அவள் வேண்டிக்கொண்டது இது: ஆள் முழுசாக வந்து சேர்ந்தால், ரெண்டு பேருமாக ஓர் அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறி வருகிறோம்.

ஆள் சாயங்காலம் முழுசாக வந்து சேர்ந்தேன். கையில் அவளுக்கு ஒரு புரோட்டா பார்சல். நேர்த்திக்கடன் விவரம் சொன்னபோது, “புரோட்டா தின்னதுக்கெல்லாமா மலையேறுவாக?” என்றேன். அன்று வீடு திரும்பாதவர்கள் இருந்தார்கள். அதை வைத்து வேடிக்கை பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசுகிற வாய் இது. அவள் பார்சலைப் பிரித்து எனக்கே தட்டில் வைத்தாள்.

பிறகு ஒவ்வொரு தடவையாக அவள் கூப்பிட்டாள், நான் ஒவ்வொரு தடவையாகத் தப்பித்தேன். ஆடி அமாவாசைக்குக் கூப்பிட்டாள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியே வர வேண்டும், ஆபீஸை விட்டு நகர முடியாது என்றேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் சீசன், அப்போது செத்தால்கூட ஆர்டரை முடித்துவிட்டுத்தான் சாக வேண்டும். தை அமாவாசைக்கு டெலிவரி பாக்கி. மாசியில் சீசன் முடிந்த அலுப்பு. பங்குனியில் வெயில். மற்ற மாதங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் முழங்காலை வைத்திருந்தேன்.

இந்த வருஷப் பங்குனியில்தான் சீனா போனோம். காலண்டரின் தலையில் தகரப்பட்டை அடிக்கிற மிஷின் ஒன்று பார்த்து வாங்க. கூட வந்தவர் என் தொழில் கூட்டாளி. என்னைவிட எட்டு வயது மூத்தவர், அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நாங்கள் இருவரும் சேர்ந்து முருகன், மாதா, மக்கா எல்லாவற்றையும் ஒரே மிஷினில் ஓட்டுகிறவர்கள் என்பதால் எங்களுக்குள் மதச் சண்டைக்கு நேரம் இருந்ததில்லை.

போன ஊர் கிழக்குச் சீனாவில் ஒரு சின்ன ஊர். அதன் பெயரை மூன்று பேர் எனக்குச் சொல்லித் தந்தார்கள், மூன்று தடவையும் வேறு மாதிரி சொன்னேன், விட்டுவிட்டார்கள். மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னால், ஒரு பாகம் வேறு ஊரிலிருந்து வர வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றார்கள். எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ரெண்டு விமானம், ஒரு ரயில், ஒன்பது மணி நேரக் கார். உடம்பில் எந்த எலும்பு எந்த எலும்போடு சேர வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. ரூமில் படுத்துக் கிடக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கேட்கவில்லை. விருந்தாளியைச் சும்மா போட்டுவைப்பது அங்கே மரியாதைக் குறைவு போலிருக்கிறது. ஒரு காரும் டிரைவரும் கொடுத்து, மலைமேல் இருக்கிற பழைய கோயில்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்தவனுக்குக் கோயிலைக் காட்டிவிட்டால் போதும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

“மலையேற மாட்டேன்னு வீட்டுல சத்தியம் பண்ணி வச்சிருக்கேன் அண்ணாச்சி,” என்றேன்.

“சாமிக்குத் தெரியாமலா இங்கன கொண்டாந்து விட்டுருக்கு? ஏறுலே,” என்றார்.

டிரைவர் ஐம்பது வயசுக்காரர். பேச்சு முழுவதும் போன் வழியாகத்தான். அவர் போனைப் பார்த்துச் சீன மொழியில் நாலு வார்த்தை கத்துவார், போன் அதைத் தமிழில் சொல்லும். சாதாரணத் தமிழ் இல்லை. வானொலியில் செய்தி வாசிக்கிற தமிழ். மலையடிவாரத்தில் நான் ஷூவைக் கழற்றி ஒரு கல்லுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தேன். மலைக்கோயில் என்றால் அடிவாரத்திலேயே கால் வெறுங்காலாகிவிடுகிற பழக்கம், யோசித்துச் செய்ததில்லை. டிரைவர் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். போன் கேட்டது: “தங்கள் காலணிகள் பழுதடைந்துவிட்டனவா?”

அண்ணாச்சி ஷூவோடுதான் ஏறினார். “எங்க சாமி இதுக்கெல்லாம் கோவிக்காது,” என்றார்.

பங்குனி என்றால் நமக்கு வெயில். அங்கே மழை பெய்து விட்டிருந்த குளிர். படியெல்லாம் கருங்கல், பாசி பிடித்து வழுக்கியது. ரெண்டு பக்கமும் மூங்கில், ஒரு சத்தம் இல்லை. பத்துப் படிக்கு ஒருதரம் நின்றேன். எங்களைத் தாண்டி எழுபது வயசு அம்மாக்கள் நாலைந்து பேர் காய்கறிக் கூடையோடு பேசிக்கொண்டே ஏறிப்போனார்கள். அதில் ஒருத்தி என் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பரிதாபப்பட்டாளா, திட்டினாளா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை, டிரைவர் கீழேயே நின்றுவிட்டார். அவருக்கு விவரம் இருந்தது.

மேலே கோயில் மஞ்சள் சுவரும் கறுப்பு ஓடுமாக இருந்தது. சுவரில் பாதி மஞ்சள் மழையில் கரைந்து போயிருந்தது. முதல் மண்டபத்தில் ஒரு சாமி தொப்பையைத் தள்ளிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார், தீபாவளிக்கு முந்தின நாள் மொத்த வியாபாரி உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. அவருக்கு முன்னால் முழங்கால் போட ஒரு மெத்தை. நான் நம் வழக்கப்படி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். விழுந்தவன் குளிர்ந்த கல்லில் கன்னத்தை வைத்ததும் அப்படியே கண்ணை மூடிவிட்டேன், அவ்வளவு அலுப்பு. காய்கறிக் கூடை அம்மாக்கள் ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்து, ஒரு பிளாஸ்கிலிருந்து வெந்நீர் கொடுத்தார்கள். மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதோடு விட்டேனா? தீபாராதனைத் தட்டு வரும், திருநீறு தருவார்கள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை. முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கலக் கொப்பரை. அதில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக ஊதுபத்தி செருகியிருந்தார்கள். உள்ளே மெத்து மெத்தென்று சாம்பல். இவ்வளவு ஏறி வந்துவிட்டு நெற்றி காலியாக இறங்குவதா? மூன்று விரலால் எடுத்துப் பட்டையாகப் பூசினேன். அண்ணாச்சிக்கும் கொஞ்சம் நீட்டினேன்.

“எங்க சர்ச் ஐயர் பாத்தா சபையை விட்டுத் தள்ளி வச்சுருவாரு. நீயே பூசிக்க.”

அதற்குள் அதே வெந்நீர் அம்மா ஈரக் காகிதத்தோடு வந்து, ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் நெற்றியைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் தடுத்தேன். அவள் விடவில்லை. தவறி விழுந்து மூஞ்சியில் அழுக்காக்கிக்கொண்ட வெளிநாட்டுக்காரன் என்பது அவள் முடிவு. அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இருமல் வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் போனதும் இன்னொரு தரம் பூசிக்கொண்டு, அண்ணாச்சியிடம் போனைக் கொடுத்து அந்தப் போட்டோவை எடுக்கச் சொன்னேன்.

குரூப்பில் கைதட்டல். ‘சித்தப்பா செம’ என்றான் ஒருவன். ‘மாமா இருபது வயசு குறைஞ்சுட்டீக’ என்றாள் ஒருத்தி. அதற்கெல்லாம் கீழே என் பெண்டாட்டி ஒரு வரி எழுதினாள்.

‘முழங்கால் எப்படி இருக்கு?’

எல்லோரும் அதற்கு இதயம் போட்டார்கள். புருஷன்மேல் எவ்வளவு அக்கறை என்று அவள் அக்காள்கூட எழுதினாள். அதைப் படித்த பிறகுதான் நான் செய்திருக்கிற காரியம் என்னவென்று எனக்கே உறைத்தது. பதில் அடித்தேன், அழித்தேன். ‘இது சின்ன மலை’ என்று அடித்தேன், அழித்தேன். ‘மிஷின் கம்பெனிக்காரங்க கட்டாயம்’ என்று அடித்தேன். ஆயிரத்து இருநூறு படியையும் ஒரே மூச்சையும் மேலே எழுதி வைத்துவிட்டு, கீழே என்ன எழுதினாலும் நிற்கவில்லை. சும்மா கைகூப்புகிற படம் ஒன்று போட்டேன். அவள் அதைப் பார்த்த அடையாளம் மட்டும் வந்தது.

மறுநாள் எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. உள்ளங்காலில் ரெண்டு கொப்புளம். ஐந்து வருஷமாக இல்லாத முழங்கால் வலி நிஜமாகவே வந்திருந்தது. இதை எழுதினால் யார் நம்புவார்கள்? டிரைவர் வந்து நின்றார். போன் சொன்னது: “இன்றைய ஆலயம் நேற்றையதை விடப் பழமையானது. படிகளும் அதிகம்.”

அன்று ஷூவைக் கழற்றவில்லை. சாமியும் ஒன்றும் சொல்லவில்லை. மழைத் தூறலில் மூங்கில் இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பிடரியில் விழுந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அறுபதை ஒட்டிய வயசு. அவர் தோளில் மூங்கில் கழி, ரெண்டு முனையிலும் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும். அவள் பின்னால் ஒரு குடையைப் பிடித்தபடி அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். மொழி தெரியாவிட்டாலும் திட்டு தெரியும். கல் இருக்கிறது பார்த்துக் கால் வை, நேற்றே சொன்னேன் கேட்டாயா, இந்த வகை.

மேலே போனால் கோயிலில் இருப்பதே அவர்கள் ரெண்டு பேர்தான். அவர்கள்தான் பெருக்குகிறார்கள், விளக்குப் போடுகிறார்கள், வருகிறவர்களுக்குச் சோறாக்குகிறார்கள். கோயில் சின்னது, பாதிக் கூரை மலைப்பாறைதான். நான் கோயிலைச் சுற்றி வரப் போய்ப் பின்பக்கம் வழியில்லாமல் அவர்கள் சமையல்கட்டில் போய் நின்றேன். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டு, கிண்ணத்தில் மூங்கில் குருத்துப் போட்ட நூடுல்ஸ் கொடுத்தாள். எனக்கு அந்தச் சூட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவி பட்டுத்தான் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன்.

அன்று டிரைவரும் கூடவே ஏறி வந்திருந்தார். அந்த அம்மா அவர் போனில் ஏதோ சொன்னாள். போன் கேட்டது: “தங்கள் துணைவியார் எங்கே?”

“வீட்டில்,” என்றேன்.

“ஏன் அழைத்து வரவில்லை? அவருக்கு மலை ஏற இயலாதா?”

அண்ணாச்சி நூடுல்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “சொல்லேன்லே. நல்லாத் தமிழ் பேசுதுல்ல, அதுகிட்டச் சொல்லு.”

அவள் ஏறுவாள், எனக்குத்தான் நேரமில்லை என்று போனில் சொன்னேன். போன் அதைச் சீனத்தில் சொன்னது. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேலை நாளில் அவள் சமையல்கட்டு முக்காலியில் உட்கார்ந்து ரெண்டாவது கிண்ணம் தின்றுகொண்டிருக்கிறவனை அப்படித்தான் பார்க்க முடியும். பிறகு திரும்பிப் புருஷனிடம் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். டிரைவர் அதை மட்டும் போனில் போடவில்லை.

இறங்கும்போது அண்ணாச்சி முன்னால் போய்க்கொண்டே சொன்னார். “நான் ஒண்ணு கேக்கேன். ஒனக்கு அந்த மலை ஏறுறதுல என்ன கஷ்டம்? உள்ளதைச் சொல்லு.”

“கஷ்டமெல்லாம் இல்ல அண்ணாச்சி. அங்கன போனா அவ அழுவா.”

“அழுதா?”

“எதுக்கு அழுறான்னு தெரியாத மாதிரி நான் நிக்கணும்ல.”

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். “நீ வாயில தான்லே பெரிய வீரன்,” என்றார்.

மூன்றாம் நாள் பாகம் வந்துவிட்டது, மத்தியானம் மிஷினை ஓட்டிக் காட்டுகிறோம் என்று செய்தி. அதற்குள் ஒரு கோயில் பாக்கியிருந்தது. எனக்கு எல்லாக் கோயிலும் ஒரே கோயிலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. எல்லாப் படியும் ஒரே படி. நல்லவேளை, பாதி மலை வரைக்கும் காரே போயிற்று. மிச்சத்தைக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். முற்றத்தில் ஒரு மதிலோரம் உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தேயிலை வரிசை வரிசையாக, புரூஃப் பார்க்கும்போது தாளில் தெரிகிற கோடு மாதிரி. அண்ணாச்சி கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். நானும் மூடினேன்.

அப்போது வெடித்தது.

சரமாக, விடாமல், மலையில் மோதித் திரும்பி வந்து மறுபடி வெடித்தது. நாங்கள் ரெண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். அண்ணாச்சியின் கை என் தோளைப் பிடித்திருந்தது. ரெண்டு பேர் தலையும் மேலே. எங்கே புகை எழும்புகிறது என்று வானத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

“எந்தப் பக்கம்லே?” என்றார்.

நான் வடக்கே பார்த்தேன், கிழக்கே பார்த்தேன். எங்கள் ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் சத்தம் கேட்டால் எல்லோரும் செய்வது இதுதான். வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, புகை எந்தத் திசை என்று பார்ப்போம். திசை தெரிந்ததும் அந்தத் திசையில் நம் ஆள் யார் என்று மனசு எண்ணும். அடுத்தது போன்.

அந்த முற்றத்தில் இருந்த சீனக்காரர்கள் எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் ஏதோ வேண்டுதலுக்காகக் கோயில் வாசல் கல்மேடையில் சிவப்புச் சரத்தைப் பற்றவைத்திருக்கிறது. அங்கே சாமிக்குச் சரவெடி போடுவது வழக்கம். டிரைவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிவப்புக் காகிதம் எங்கள் கால்வரைக்கும் பறந்து வந்தது. ரெண்டு பட்டாசு ஊர்க்காரர்கள் மட்டும் ஆகாயத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தோம்.

அண்ணாச்சி மெதுவாக உட்கார்ந்தார். “சீ,” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “யாருக்குப் போன் போட்டிருக்கே?” என்றார்.

அப்போதுதான் கையில் போன் இருப்பதைப் பார்த்தேன். அவள் நம்பர். மணி போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி, ரெண்டு மணி, மூன்று மணி. எடுக்கவில்லை. சத்தம் என்னவென்று தெரிந்துவிட்டது, அது சீனா என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் நாலாவது மணிக்கு மறுபடி வானத்தைப் பார்த்தேன். எனக்கு நாலு தடவை மணி அடித்ததுதான். அன்று அவளுக்கு மூன்று மணி நேரம்.

எடுத்தாள். “சொல்லுங்க.”

“இங்கன வெடி போட்டாக.”

“சீனாவுல வெடி போடாம பின்ன என்ன செய்வாக.”

“நீ எங்கன இருக்க?”

“வீட்டுலதான். படுத்திருக்கேன்.”

எங்கள் ஊரில் அப்போது காலை எட்டரை மணி இருக்கும். அந்த நேரத்தில் படுத்திருக்கிறவள் இல்லை அவள். “காய்ச்சலா?” என்றேன்.

“இல்ல.”

குரலில் தெம்பே இல்லை. அண்ணாச்சி எழுந்து, காகிதக் குப்பையை மிதித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“அன்னைக்கு நான் போன் எடுக்காம இருந்தேன்ல,” என்றேன்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நீ எப்படி இருந்திருப்பேன்னு நான் ஒரு நாளும் கேக்கல. புரோட்டாவைச் சொல்லியே ஓட்டிட்டேன். முழங்கால்ல வலியுமில்ல ஒண்ணுமில்ல. இப்பத்தான் நெசமா வலிக்கி. பரவால்ல. அடுத்த அமாவாசைக்கு ரெண்டு பேரும் போவோம். சீசனு, ஆர்டரு, எதையும் சொல்ல மாட்டேன். நீ எம்புட்டு நேரம் அங்கன இருக்கணுமோ இரு, நான் கூட நிக்கேன். சரியா?”

அவள் மூச்சு விடுவது கேட்டது. புரண்டு படுத்திருப்பாள் போல. வலியில் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு சொன்னாள்.

“நேத்துதான் அமாவாசை, ஒங்களுக்கும் சேத்து நானே ஏறி எறங்கிட்டேன்.”